புள்ளி பெறாத ஓலையும் உப்பளத்து உயிரும்

ஓலைச்சுவடியைக் கையிலெடுத்துப் படிக்க முயன்றவர் அறிவர். அதில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இராது. மெய் புள்ளி பெறவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். ஆயினும் எழுத்தாணியின் முனை குத்தினால் ஓலை கிழியும் என்றஞ்சிய ஏடெழுதுவோர் புள்ளியை விட்டே எழுதிச் சென்றனர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஏட்டில் ஒரே கோலத்தில் நிற்கும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தோன்றாது. புலவன் ‘கொல்’ என்று பாடியதை ஏட்டில் காண்பவன் ‘கோல்’ என்றும் படிக்கலாம். ‘கொல’ என்றும் ‘கோல’ என்றும் படிக்கலாம். கொல் என்றால் உயிர் போகும். கோல் என்றால் ஊன்றிக்கொண்டு நடக்கலாம். புள்ளி எங்கே என்பதில்தான் பொருள் இருக்கிறது.

தமிழ்த்துறை மலரில் இதனைச் சொல்வதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் இதே இடர்ப்பாடு நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கின்றது என்பதும், அதனைத் தீர்க்க இன்றைய அறிவியலார் கணிப்பொறிக்குப் பாடம் கற்பித்து வருகின்றனர் என்பதும் நம் மாணவர் பலர் அறியாதவை. அதனை ஈண்டு எடுத்துரைத்து, அதன்மேல் எனக்குள்ள கருத்தொன்றையும் கூற விரும்புகிறேன்.

மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நூலில் எழுதப்பட்டுள்ளது. அந்நூலிலிருந்து வேண்டிய பகுதியைப் படியெடுத்துச் செல்லும் ஓலையே ஆர்.என்.ஏ. அதற்குரிய எழுத்துகள் நான்கு: அ, யு, கு, சி என வைத்துக்கொள்வோம். அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின் என்பன அவற்றின் முழுப்பெயர்கள். பாடநூல் இத்துடன் நிறுத்திவிடும். உண்மையில் ஓலை எழுதப்பட்டபின் உயிரணு அதன்மீது புள்ளியிடத் தொடங்குகிறது. அடினைன்மீது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதி ஒன்று ஏறும். யுராசில் தன் அணுக்களில் ஒன்றும் கூடாமல் குறையாமல் திரும்பி உட்கார்ந்து வேறோரிடத்தில் பற்றிக்கொள்ளும்; இதற்குச் சூடோயுரிடின் என்று பெயர். 1951இல் கண்டறியப்பட்ட இதனை ஐந்தாம் எழுத்து என்றே அந்நாளில் அழைத்தனர். இன்று அறியப்பட்டுள்ள இத்தகைய வேதிமாற்றங்கள் 170க்கும் மேற்பட்டவை.

நம் கடற்கரை ஊர்களில் அரபுத்தமிழ் எழுதிய முன்னோர் செய்ததும் இதுவே. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்தின் மேலும் கீழும் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அடிப்படை எழுத்தின் உருவம் மாறவில்லை; புள்ளி கூடியது; ஒலி வேறாயிற்று. புள்ளியை அறியாதவன் அந்தக் கிதாபைக் கையில் எடுத்தால் என்ன படிப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

உயிரணுவின் புள்ளிக்கு உயிரைக் காக்கும் வலிமையும் உண்டு. வெளியிலிருந்து புகும் ஆர்.என்.ஏ.வை உடம்பின் காவல் பகையெனக் கண்டு கொதித்தெழுகிறது. ஆனால் பாலூட்டிகளின் சொந்த ஆர்.என்.ஏ.வில் வேதிமாற்றங்கள் நிறைந்திருப்பதால் அதனை விட்டுவிடுகிறது. இதனைக் கண்டு, யுராசிலுக்கு மாறாகச் சூடோயுரிடினை வைத்துப் பார்த்தவர்கள் கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும். அவர்களுடைய முதற்கட்டுரை வெளிவந்த ஆண்டு 2005. கொரோனாக் காலத்தில் ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இடம்பெற்றது அதன் நெருங்கிய உறவான ஒரு-மெத்தில் சூடோயுரிடின். 2023இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது. நம் ஊர்களில் பெரும்பாலோர் இட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. எனினும் இந்த ‘ஒரு-மெத்தில் சூடோயுரிடின்’ என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அது மீண்டும் வரும், உப்பு வழியாக.

சென்ற பங்குனியில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மரக்காணம் சென்றிருந்தேன். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி இதன் அருகில்தான் உள்ளது. மாணவர்கள் காண விரும்பியது பட்டினத்தையுமன்று, பறவையையுமன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளத்தில், உப்பு இறங்கும் தறுவாயிலுள்ள நீர் சில பாத்திகளில் செம்மை கலந்து நிற்பதைக் காணவே வந்தனர். வரப்பில் நின்றிருந்த முதிய தொழிலாளர் ஒருவர் எங்கள் மாணவரைப் பார்த்து, “தண்ணி செவந்துச்சுனா உப்பு நல்லா எறங்கும் தம்பி. அது எதனாலன்னு உங்க படிப்புல சொல்லியிருக்காங்களா?” என்று வினவினார். “படிச்சுட்டு வந்து சொல்றோம் ஐயா” என்று மாணவர் விடையளித்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் படிப்பு வேண்டும்.

பெரியவர் கூறியதில் உண்மை உண்டு. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அது வற்றி வற்றி இருபத்தைந்தைத் தாண்டும்போது மீனும் பாசியும் பெரும்பாலான நுண்ணுயிர்களும் மடிந்துவிட, உப்பை விரும்பும் சில உயிர்கள் மட்டும் அங்கே பெருகுகின்றன. உலகத்து உப்பளங்கள் எல்லாவற்றுக்கும் இது பொது. அவ்வுயிர்களின் சிவப்பு நிறமி வெயிலை வாங்கி நீரைச் சூடாக்குவதால் ஆவியாதல் விரைகிறது. இவற்றுள் பல பாக்டீரியா அல்ல; 1977இல் கார்ல் வூஸ் என்னும் அறிஞர் உயிருலகின் தனிப் பெரும்பிரிவாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா. உப்பு தம்மை உறிஞ்சிவிடாதபடி தம் உடலுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொண்டு வாழ்பவை இவை. ஒரு வகை, நம் பாத்தியைப் போலவே தட்டையான சதுர வடிவில் இருக்குமாம். படைப்பின் விந்தை!

இவ்வுயிர்களை எளியவை என்று எண்ணற்க. சாக்கடலில் பிடிபட்ட ஹாலோஆர்க்குலா என்னும் உப்புயிரியின் ரைபோசோமைக் கொண்டுதான் 2000இல் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் அதன் பெரும்பகுதியின் வடிவத்தை அணு அணுவாகத் தீட்டினர். சிறுபகுதியை, வெந்நீரூற்றில் வாழும் வேறோர் உயிரியைக் கொண்டு தீட்டியவர் நம் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அடா யோனத் அம்மையாருடன் இவ்விருவரும் 2009இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். ஓலையைப் படித்துப் புரதம் கோக்கும் பொறியே ரைபோசோம். அது பிழையின்றிப் படிக்க, ஓலையின் சொல்லை அறிந்து உரிய அமினோ அமிலத்தைக் கொணரும் கடத்து ஆர்.என்.ஏ.வின்மேல் உள்ள வேதிமாற்றங்கள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதையும் இராமகிருஷ்ணனின் ஆய்வகம் 2004இல் வடிவம் கண்டு காட்டியது.

இனி எந்திரத்துக்கு வருவோம்.

ஆர்.என்.ஏ.வை வழக்கமான முறையில் படிக்க அதனை முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுப்பர். அந்தப் படியெடுப்பில் பெரும்பாலான புள்ளிகள் காணாமற் போகும். புள்ளியுள்ள இடங்களை நேரே காண ஆய்வகத்தில் பல முறைகள் உண்டு. 2012இல் அடினைன் மெத்திலேற்றத்தின் வரைபடம் முதன்முதல் வந்தது. ஆனால் அவை செலவும் உழைப்பும் மிக்கவை. ஆகவே, ஏற்கெனவே அளந்தறிந்த இடங்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, ‘இதோ இங்கே புள்ளி உண்டு, அங்கே இல்லை, அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்து வேற்றுமையை நீயே கற்றுக்கொள்’ என்று விடுவது எந்திரக் கற்றல். 2016இல் வந்த ஸ்ராம்ப் என்னும் மென்பொருள் பாலூட்டிகளின் அடினைன் மெத்திலேற்றத்தை இவ்வாறு ஊகிக்கிறது. முடிவெடுக்கும் மரங்கள் பலவற்றை வளர்த்து, ஒவ்வொன்றையும் வாக்களிக்கச் செய்து, பெரும்பான்மையை ஏற்பது அதன் முறை. மரங்கள் பல சேர்ந்தமையால் அதற்குக் ‘காடு’ என்றே பெயர்.

அண்மைக்காலத்தில் மற்றொரு வழி பிறந்துள்ளது. படியெடுக்காமல் ஆர்.என்.ஏ. இழையையே ஊசிக்கண்ணினும் மிக நுண்ணிய புரதத்துளை ஒன்றின் வழியே இழுத்து, அது கடக்கும்போது மின்னோட்டம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று அளப்பது. புள்ளி பெற்ற எழுத்து கடக்கும்போது மின்னோட்டம் சற்றே வேறுபடும். கருவி தடுமாறிப் பிழையாகவும் படிக்கும். 2019இல் வந்த எபிநேனோ என்னும் முறை அந்தப் பிழைகளையே சான்றாகக் கொண்டு, பிழை குவியும் இடத்தில் புள்ளி இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறது. ஏடெழுதியவர் பலரும் ஒரே சீரில் இடறியிருந்தால் அங்கே அரிய சொல் ஒன்று இருக்கிறது என்று நம் பதிப்பாசிரியர்கள் ஐயுற்றது இதே வழிதான். சிங்கப்பூர் மரபணுத்தொகுதி நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட எம்6ஏநெட், ஒரே இடத்தைக் கடந்த இழைகள் பலவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து வைத்துத் தீர்ப்புக் கூறுகிறது. பல ஏடுகளை ஒப்புநோக்குதல் என்பதை வேறு எவ்வாறு சொல்வது?

இவ்வளவும் போற்றத்தக்கவை. எந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. எங்கே தேடலாம் என்று விரல் நீட்டிக் காட்டும் துணை கிடைத்தால் ஆய்வாளனின் ஆண்டுகள் மிச்சமாகும். என் மனக்குறை எந்திரத்தைப் பற்றியதன்று. அதனை நாம் கையாளும் விதத்தைப் பற்றியது.

நம் பகுதிக் கல்லூரிகளில் இன்று மாணவர் செய்யும் உயிரியல் திட்டக் கட்டுரைகளுள் கணிசமானவை எவ்வாறு உருவாகின்றன? எவரோ எந்நாட்டிலோ அளந்து வைத்த தரவை இறக்கிக்கொள்கின்றனர். எவரோ எழுதிய நிரலை அதன்மேல் ஓட்டுகின்றனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரி என்று திரையில் எண் தோன்றுகிறது. அட்டை கட்டி, பொன்னெழுத்துப் பொறித்து, மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். அந்த எண்ணின் பொருள் என்ன என்று நானே ஒரு மாணவரிடம் கேட்டிருக்கிறேன். நூறு அடினைன்களில் ஒன்றுக்கு மட்டுமே புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு எதற்குமே புள்ளி இல்லை என்று சொல்லும் எந்திரம்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி! அது கண்டுபிடித்த புள்ளிகளோ சுழி. மாணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அவரைக் குறை கூறமாட்டேன். மதிப்பெண் இட்டவர்களும் நாங்கள்தாமே!

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. எந்திரம் கற்ற பாடம் யாருடைய பாடம்? இம்மென்பொருள்கள் பெரும்பாலும் மனித உயிரணு, சுண்டெலி, ஈஸ்ட் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு பயின்றவை. மனித உயிரணு என்பதிலும் ஹீலா, ஹெக் 293 எனப்படும், ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் சில வளர்ப்புகளே பெரும்பகுதி. அவற்றின் புள்ளியைக் கற்ற எந்திரத்திடம் மரக்காணத்துச் செந்நீரில் வாழும் உயிரியின் ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால் அது வாய்மூடி இருக்காது. எதைக் கொடுத்தாலும் விடை சொல்லும். தயங்காமல் சொல்லும். அங்குதான் இடர்.

நான் கற்பனையாகப் பேசவில்லை என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உள்ளது. கடத்து ஆர்.என்.ஏ. எழுபத்தாறு எழுத்து அளவினது. அதில் 54ஆம் இடத்தில் பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் மனிதரிலும் பெரும்பாலும் நிற்பது மெத்தில் ஏறிய யுராசில்; ரைபோதைமிடின் என்பர். அக்காலத்தில் எந்திரக் கற்றல் இருந்து, அந்நாள்வரை கிடைத்த தரவுகளை அதற்குக் கற்பித்திருந்தால், உப்புயிரியின் 54ஆம் இடத்தில் எது என்ற கேள்விக்கு அது ‘ரைபோதைமிடின்’ என்று உறுதிபடக் கூறியிருக்கும். ஆனால் சாக்கடலிலிருந்து பிரித்தெடுத்த உப்புயிரியை வளர்த்து, அதன் கடத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, நிறைமானியில் இட்டுப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். மெக்லாஸ்கி, நிஷிமுரா, வூஸ் முதலிய அறிஞர்களும் ரமேஷ் குப்தா என்னும் இந்தியப் பெயர் தாங்கிய ஆய்வாளரும் சேர்ந்து 1982இல் வெளியிட்ட கட்டுரை அது. அவர்கள் கண்டதோ ஒரு-மெத்தில் சூடோயுரிடின்!

ஆம், முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன அதே எழுத்து. தடுப்பூசிக்கு அதனை உப்பிலிருந்து எடுத்தனர் என்று எவரும் கருதிவிடலாகாது. அது வேதியியல் முறையில் ஆக்கப்பட்டது, அதனை அங்கே வைத்த காரணமும் வேறு. எனினும், மனித குலத்தின் கோடிக்கணக்கான தோள்களில் ஏறிய எழுத்தை உப்புநீரின் உயிர் எத்தனையோ காலமாகத் தன் ஓலையில் எழுதிக்கொண்டிருந்தது என்பதும், அளந்து பார்த்தவருக்கே அது தென்பட்டது என்பதும் மறுக்கவியலாதவை. ரமேஷ் குப்தா அத்துடன் நிற்கவில்லை. 1984இல் அதே உயிரியின் 41 கடத்து ஆர்.என்.ஏ.க்களை இனங்கண்டு, அவற்றுள் 33இன் எழுத்து வரிசையை வெளியிட்டார். அந்த 54ஆம் இடத்துப் புள்ளியை இடும் நொதிகள் எவை என்ற கேள்விக்கு அவரும் உடனுழைத்தோரும் விடை வெளியிட்ட ஆண்டு 2012. ஓர் எழுத்தின் பின்னால் முப்பது ஆண்டுகள்.

நம் உ.வே.சாமிநாதையரை எண்ணிப் பாருங்கள். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய பெரியார் அவர். ஊகிக்கும் ஆற்றலில் அவருக்கு நிகரானவர் அரியர். ஆயினும் ஊகத்தோடு அவர் அமைந்துவிட்டாரா? ஊர் ஊராகச் சென்று வீட்டுப் பரணிலும் மடத்துப் பெட்டியிலும் மேலும் ஓர் ஏடு கிடைக்குமா என்று தேடினார். கிடைத்த ஏடு தம் ஊகத்தை மறுத்தால் ஏட்டுக்கு மதிப்பளித்தார். புதிய ஏட்டைத் தேடாத புலவர், எவ்வளவு கூர்மையானவராயினும், முன்னே படித்த நூல்களின் நடையையே புதிய நூலின்மேலும் ஏற்றிப் படிப்பார். எந்திரம் அத்தகைய புலவர். படித்தவை மிகுதி, பரண் ஏறியதில்லை.

நமக்குப் பரண் பக்கத்திலேயே இருக்கிறது. மரக்காணத்தில் மட்டுமா? கோவளம், வேதாரண்யம், தூத்துக்குடி என்று தமிழகக் கடற்கரை நெடுகப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. தமிழக உப்பளங்களின் நுண்ணுயிர் வகைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வந்துள்ளன. வளர்த்துப் பிரிப்பது நம் மாணவர்க்கு எட்டாத வித்தையன்று. அங்கிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதன் புள்ளிகளை அளந்து, எந்திரத்தின் ஊகத்தோடு அருகருகே வைத்துப் பார்ப்பதே நான் முன்மொழியும் பணி. எங்கே ஒத்துப்போகிறது என்பதைவிட எங்கே மாறுபடுகிறது என்பதே அக்கட்டுரையின் பெறுமதி. நுண்ணுயிரியல் மாணவர் நீரெடுப்பார். வேதியியல் மாணவர் பிரிப்பார். கணிப்பொறி மாணவர் ஊகிப்பார். மூன்று துறையினர் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் கண்டதே இல்லை, மீலாது விழாக் குழுவைத் தவிர!

பெற்றோர் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. ‘பிள்ளை கணிப்பொறி கற்றால் வேலை கிடைக்கும், உப்புத்தண்ணீரை அள்ளி என்ன பயன்?’ நியாயமான கேள்வியே. வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய பிள்ளையிடம் முப்பது ஆண்டு ஆய்வைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆனால் நிரலை ஓட்டுவதை மட்டும் கற்றவரின் வேலையை அந்த நிரலே நாளை எடுத்துக்கொள்ளும். இன்றே எடுத்துக்கொண்டு வருகிறது. அளக்கத் தெரிந்தவரின் வேலை அவ்வளவு எளிதில் கைமாறாது. 2024இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் ஆர்.என்.ஏ.வையும் அதன் வேதிமாற்றங்களையும் முழுமையாகப் படிப்பதற்கான வழித்திட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டன. அத்தகைய பெருந்திட்டங்களில் இடம் கேட்டுச் செல்லும் நம் பிள்ளை, பிறர் தரவில் ஓட்டிய நிரலையா கொண்டுசெல்வது, தன் ஊர்ப் பாத்தியில் தான் அளந்ததையா?

நம் சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். தாங்கள் ஈந்த பொருளால் கட்டடங்கள் எழுந்தன. வரிசை வரிசையாகக் கணிப்பொறிகள் வந்தன. நன்றி மறவோம். ஆர்.என்.ஏ. மிக மெல்லிய பொருள். விரல் பட்டாலே அதிலுள்ள நொதி அதனைத் துண்டாக்கிவிடும். அதைக் காக்க ‘மைனஸ்’ 80 பாகைக் குளிரில் வைக்கும் உறைபெட்டி வேண்டும். மின்சாரம் நின்றால் அது சூடேறும். ஆகவே மின்னாக்கியும் அதற்கு எண்ணெயும் வேண்டும். உறைபெட்டிக்குத் திறப்பு விழா நடத்த இயலாது. அதன்மேல் கல்வெட்டுப் பதிக்கவும் இடமில்லை. ஆயினும் அது இல்லாமல் மரக்காணத்திலிருந்து கொண்டுவரும் குப்பி கல்லூரி வாயிலை அடையுமுன்பே வெறும் உப்புநீராகிவிடும்.

உப்பெடுப்பு தை, மாசியில் தொடங்கி ஐப்பசி மழையோடு முடிகிறது. மழை விழுந்தால் பாத்தி நிறைந்து, உப்பின் செறிவு குறைந்து, அந்தச் செந்நீர் உயிர்களும் சிதறிப்போகும். ஆகவே நீரெடுப்பதற்கு நமக்குள்ள காலம் எட்டு ஒன்பது திங்களே. எந்தப் பாத்தி முதலில் சிவக்கும் என்று வரப்பில் நின்ற அந்தப் பெரியவருக்குத் தெரியும். அவரைக் கேட்டுவிட்டுத்தான் குப்பியை நனைக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் நாங்கள் போய் விடை சொல்லவில்லை.